உள்ளே விடாதவர்கள் கேட்ட அனுபவச் சான்று

1971-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் ஓர் அறிவிப்பு வெளியானது. நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பால் விளையாட்டுக்கான புகழ் மண்டபம் இருக்கிறது. தலைசிறந்த ஆட்டக்காரர்களின் முகம் பொறித்த வெண்கலப் பலகைகளை அங்கே ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த மண்டபத்தில் சாட்செல் பெய்ஜ் என்ற கறுப்பின வீரருக்கும் இடம் தரப்படும் என்றது அறிவிப்பு. ஆனால் மற்றவர்களின் பலகைகள் இருக்கும் கூடத்தில் அல்ல; கறுப்பினத்தவர் லீக்குகளில் ஆடியவர்களுக்கென்று ஒதுக்கப்படும் தனிப் பகுதியில்.

ஏன் தனி இடம் என்று கேட்டால் விதியைக் காட்டினார்கள். மண்டபத்தில் இடம்பெற, மேஜர் லீக் எனப்படும் முதன்மை லீக்கில் குறைந்தது 10 ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டும். பெய்ஜ் அத்தனை ஆண்டுகள் ஆடவில்லை. உண்மைதான். அவர் ஏன் ஆடவில்லை? கறுப்பர் என்பதால் 42 வயது வரை அவரை அந்த லீக்கின் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். கதவைச் சாத்தியவர்களே பின்னாளில் வந்து, 'நீ உள்ளே இருந்த ஆண்டுகள் போதவில்லை' என்றார்கள்.

இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. தகுதி, அனுபவம், முன்வரலாறு என்ற சொற்கள் யாரை நோக்கி, எப்போது வீசப்படுகின்றன என்பதை நாம் அறிவோம். அதனால்தான், பேஸ்பால் நம் ஊர்த் திடல்களில் ஆடப்படாத ஆட்டம் என்றாலும் பெய்ஜின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பை தூக்கிய சிறுவன்

லீராய் ராபர்ட் பெய்ஜ் 1906 ஜூலை 7 அன்று அலபாமா மாநிலத்தின் துறைமுக நகரமான மொபீலில் பிறந்தார். அப்பா ஜான் தோட்ட வேலை பார்த்தவர். அம்மா லூலா துணி வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தவர். வீட்டில் 12 பிள்ளைகள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பள்ளிக்கூடம், ரயில் பெட்டி, உணவு விடுதி எல்லாமே கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி.

பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் சிறுவன் லீராய் மொபீல் ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்தான். ஒவ்வொரு பையாகத் தூக்கினால் கூலி கட்டுப்படியாகவில்லை. ஒரு கழியில் கயிறு கட்டி, பல பைகளை ஒரே நேரத்தில் மாட்டித் தூக்கினான். 'சாட்செல்' என்றால் பை. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது அவரே சொன்ன கதை. இந்தப் பெயருக்கு வேறு கதைகளும் உண்டு. எப்படியானாலும், உலகம் அவரை அறிந்தது அந்தப் பெயரால்தான்.

12 வயதில் கடையில் திருடியதாகவும் பள்ளிக்கு மட்டம் போட்டதாகவும் பிடிபட்டான். மவுண்ட் மெக்ஸ் என்ற இடத்திலிருந்த கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1918 முதல் 1923-ன் கடைசி வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே கழிந்தது. அந்தப் பள்ளியில் எட்வர்ட் பைர்ட் என்ற பயிற்சியாளர் அவனுக்கு வாய்த்தார். இடது காலை உயரத் தூக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் முன்னே கொண்டுவந்து, கடைசி நொடியில் பந்தை விடுவிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஐந்து வருடச் சுதந்திரத்தை விற்றுப் பந்து எறியக் கற்றுக்கொண்டேன் என்ற பொருளில் பெய்ஜ் பின்னாளில் சொல்வார்.

எழுதாத சட்டம்

கறுப்பர்கள் மேஜர் லீக்கில் ஆடக்கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. 1884-ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் டொலீடோ அணிக்காக ஆடியும் இருக்கிறார். அதன்பின் அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். 'கனவான்களின் ஒப்பந்தம்' என்று அதற்குப் பெயர். எழுதாத சட்டம் என்பதால் அதை எதிர்த்து வழக்குப் போடவும் வழியில்லை. ஊர்க் கட்டுப்பாடு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கறுப்பின மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1920-ல் ரூப் ஃபாஸ்டர் என்பவரின் முயற்சியில் கான்சஸ் சிட்டி நகரில் கூடி, தங்களுக்கென்று தேசிய லீக்கை உருவாக்கினார்கள். சொந்த அணிகள், சொந்த நட்சத்திரங்கள், சொந்த ரசிகர் கூட்டம் உருவாயின. சாட்டனூகா, பர்மிங்ஹாம், பிட்ஸ்பர்க், கான்சஸ் சிட்டி என்று பல ஊர்களின் கறுப்பின அணிகளில் பெய்ஜ் ஆடினார். 1930-களில் அவர் பெயரைச் சுவரொட்டியில் போட்டாலே கூட்டம் கூடியது.

அந்தக் கையின் வித்தை

பேஸ்பாலில் பந்து எறிபவரை 'பிட்சர்' என்பார்கள். சுமார் 18 மீட்டர் தொலைவிலிருந்து அவர் எறிவார். பந்து தரையில் படாமல், 17 அங்குல அகலமுள்ள ஒரு தட்டின் மேலாக, மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே போக வேண்டும். அப்படிப் போகும் பந்தை அடிக்காமல் விட்டாலும், வீசித் தவறவிட்டாலும் அது ஒரு 'ஸ்டிரைக்'. மூன்று ஸ்டிரைக் ஆனால் மட்டையாளர் வெளியே. குறி தவறி நான்கு பந்து போனால் மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போய்விடலாம். ஆகவே வேகம் மட்டும் போதாது, குறியும் வேண்டும்.

பெய்ஜிடம் இரண்டும் இருந்தன. பயிற்சியின்போது தட்டுக்குப் பதிலாக மிட்டாய்க் காகிதத்தைத் தரையில் போட்டு, அதன் மேலாகவே பந்து பந்தாக எறிந்து காட்டுவார். தன் பந்துகளுக்குத் தானே செல்லப் பெயர் வைப்பார். கையைச் சுழற்றி நடுவில் ஒரு கணம் நிறுத்தி, மட்டையாளர் தடுமாறும் நேரத்தில் விடுவிக்கும் ஒரு பந்து அவருடைய தனி முத்திரை. காட்சி ஆட்டங்களில் சில நேரம் பின்னால் நிற்கும் தடுப்பாளர்களை உட்காரச் சொல்லிவிட்டு, எதிரணியினரை வரிசையாக வெளியேற்றுவார்.

1942-ல் கறுப்பின லீக்குகளின் இறுதித் தொடரில் அவருடைய கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியும் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியும் மோதின. மூன்று தளங்களிலும் எதிரணி ஓட்டக்காரர்கள் நிற்க, மட்டையோடு வந்தவர் ஜாஷ் கிப்சன். கறுப்பின லீக்குகளின் மிகப் பெரிய அடிமன்னர். அவரை மூன்றே பந்துகளில் பெய்ஜ் வெளியேற்றினார். கிப்சனைச் சந்திப்பதற்காகவே முந்தைய ஆட்களை வேண்டுமென்று நடக்கவிட்டார் என்று சக வீரர் பக் ஓ'நீல் காலமெல்லாம் சொல்லி வந்தார். கதை சொல்லச் சொல்ல வளர்ந்திருக்கலாம். கிப்சன் வெளியேறியதும், மொனார்க்ஸ் தொடரை வென்றதும் பதிவில் உள்ளவை.

தேர்வு வைத்தவருக்கு இடமில்லை

லீக் ஆட்டங்களின் வருமானம் போதாது. அதனால் கறுப்பின வீரர்கள் ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடு ஆடினார்கள். ஒரு நாளில் இரண்டு ஊர்களில் ஆடுவதும் உண்டு. கைதட்டிய ஊரிலேயே தங்க விடுதி கிடைக்காது. சாப்பாட்டைப் பின்வாசலில் வாங்கி வண்டியில் வைத்துச் சாப்பிட வேண்டும். பேருந்திலேயே தூங்க வேண்டும்.

பருவம் முடிந்தபின் மேஜர் லீக்கின் வெள்ளை வீரர்கள் பணத்துக்காகக் காட்சி ஆட்டங்களில் ஆடுவார்கள். அங்கே இரு நிறத்தவரும் நேருக்கு நேர் மோதினார்கள். அக்காலத்தின் பெரிய பிட்சரான டிஸ்ஸி டீன், பெய்ஜை எதிர்த்து ஆடிப் பார்த்துவிட்டு, தான் கண்டதிலேயே சிறந்தவர் அவர்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

1936-ன் தொடக்கத்தில் ஜோ டிமாஜியோ என்ற இளைஞர் நியூயார்க் யாங்கீஸ் அணியில் சேரவிருந்தார். கலிபோர்னியாவில் பெய்ஜுக்கு எதிராக அவரை ஆட வைத்தார்கள். நான்கு முறை மட்டை பிடித்ததில் ஒரே ஒரு முறை அடித்து முதல் தளத்தை எட்டினார். அது போதுமானதாக இருந்தது. பெய்ஜின் பந்தை நான்கில் ஒன்று அடித்துவிட்டார், நாம் எதிர்பார்த்த ஆள்தான் என்று யாங்கீஸ் அணிக்குத் தந்தி போனது. டிமாஜியோ மேஜர் லீக்கின் மாபெரும் நட்சத்திரம் ஆனார். தான் சந்தித்த பிட்சர்களிலேயே சிறந்தவரும் வேகமானவரும் பெய்ஜ்தான் என்று பிறகு சொன்னார்.

வெள்ளை இளைஞரின் தகுதியை அளக்கும் அளவுகோலாகப் பெய்ஜ் பயன்பட்டார். ஆனால் அளவுகோலுக்கு உள்ளே இடமில்லை.

ஒப்பந்தத்தை மதிக்காமல் அணி மாறுகிறவர் என்ற குற்றச்சாட்டு பெய்ஜ் மீது உண்டு. அது பொய்யில்லை. யார் கூடுதலாகக் கொடுத்தாலும் போனார். 1937-ல் டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயர் தாங்கிய அணிக்காகப் பணம் வாங்கிக்கொண்டு போனார். கிப்சன் உள்ளிட்ட வீரர்களும் உடன் போனார்கள். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் சுற்றி நிற்க ஆடி, கோப்பையை வென்று கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு லீக்கில் தடை காத்திருந்தது. ஓய்வூதியமோ காப்பீடோ இல்லாத ஒரு தொழிலாளிக்குச் சொத்து என்பது அவருடைய வலது கை ஒன்றுதான். அதற்கு நல்ல விலை கேட்டதைப் பேராசை என்று சொல்லிவிட முடியுமா?

அந்தக் கையும் ஒரு நாள் கைவிட்டது. 1938-ல் மெக்சிகோவில் ஆடும்போது தோளில் வலி. கையைத் தூக்க முடியவில்லை. இனி எறிய முடியாது என்றார்கள் மருத்துவர்கள். 32 வயதில் எல்லாம் முடிந்தது என்று பல அணிகள் கைவிட்ட நேரத்தில், மொனார்க்ஸ் உரிமையாளர் வில்கின்சன் தன் இரண்டாம் அணியில் சேர்த்துக்கொண்டார். சிற்றூர்களில் மெதுவாக எறிந்தபடியே நாட்களை ஓட்டினார். 1939-ல் கை திரும்ப உயிர் பெற்றது. அதற்குப் பின்புதான் மேலே சொன்ன 1942 வெற்றி.

முதல் ஆள் அவரில்லை

1945-ல் கதவு கொஞ்சம் திறந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி ஒரு கறுப்பின வீரரைத் தேர்ந்தெடுத்தார். அவர் பெய்ஜ் அல்ல. அதே மொனார்க்ஸ் அணியில் அந்த ஆண்டு ஆடிய ஜாக்கி ராபின்சன். இளைஞர், பல்கலைக்கழகத்தில் படித்தவர், ராணுவ அதிகாரியாக இருந்தவர். 1947 ஏப்ரல் 15 அன்று அவர் மேஜர் லீக் களத்தில் இறங்கினார். நிறத் தடை உடைந்த நாளாக வரலாறு அதைச் சொல்கிறது.

சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று பெய்ஜ் பத்திரிகைகளிடம் பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் உள்ளுக்குள் வலித்தது என்று பின்னர் தன் வாழ்க்கை நூலில் ஒப்புக்கொண்டார். கதவைத் தட்டித் தட்டிக் கை தேய்ந்தவர் அவர். ஜாஷ் கிப்சனுக்கோ அந்த நாளைப் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன், 35 வயதில் இறந்துபோனார்.

1948 ஜூலை 7. தன் 42-வது பிறந்த நாளில் கிளீவ்லாண்ட் இந்தியன்ஸ் அணியோடு பெய்ஜ் ஒப்பந்தமிட்டார். இது விளம்பரத்துக்காகச் செய்த வேலை, இவர் வெள்ளையராக இருந்தால் இந்த வயதில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஒரு முன்னணி விளையாட்டு இதழின் ஆசிரியர் எழுதினார். அணி உரிமையாளர் பில் வீக் அதற்குச் சொன்ன பதில் இன்றும் பேசப்படுகிறது. அவர் வெள்ளையராக இருந்திருந்தால் 25 ஆண்டுகளுக்கு முன்பே மேஜர் லீக்கில் இருந்திருப்பார், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்றார் வீக்.

களத்தில் பெய்ஜ் பதில் சொன்னார். அவர் தொடக்கம் முதல் எறிந்த முதல் மூன்று ஆட்டங்களுக்கு மொத்தம் 2 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவற்றில் ஆகஸ்ட் 20 அன்று ஓர் ஆட்டத்துக்கு மட்டும் 78,382 பேர். சிகாகோ அணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் 1-0 என்று வென்றார். அந்தப் பருவத்தில் அவர் கணக்கில் 6 வெற்றி, 1 தோல்வி. கையை நடுவில் நிறுத்தி எறியும் அவருடைய தனி முத்திரைப் பந்துக்கு லீக் தலைவர் தடை போட்டார். கிளீவ்லாண்ட் அந்த ஆண்டு உலகத் தொடரை வென்றது. அத்தொடரில் பந்து எறிந்த முதல் கறுப்பினப் பிட்சர் என்ற பெயர் பெய்ஜுக்குக் கிடைத்தது. பிறகு செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக ஆடியபோது 1952, 1953 இரண்டு ஆண்டுகளும் நட்சத்திர அணிக்குத் தேர்வானார். அப்போது அவருக்கு 46, 47 வயது. இளமையில் இவர் எப்படி எறிந்திருப்பார் என்பதைப் பெரும்பாலான வெள்ளை ரசிகர்கள் பார்க்கவே இல்லை.

158 நாள் குறைவு

1965 செப்டம்பர் 25 அன்று, 59 வயதில், கான்சஸ் சிட்டி அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தில் இறங்கினார். வயதைக் காட்டிக் கூட்டம் சேர்க்க, அவரை ஆடும் நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தில் ஒரு செவிலியரையும் நிறுத்தினார் அணி முதலாளி. பெய்ஜ் எழுந்துபோய் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். பாஸ்டன் அணிக்கு ஓர் ஓட்டமும் கிடைக்கவில்லை. ஒரே ஒருவர்தான் அவர் பந்தை அடித்துத் தளத்தை எட்டினார்.

வேடிக்கை காட்ட அழைத்தவர்கள், வாழ்வாதாரம் என்று வந்தபோது கணக்குப் பார்த்தார்கள். மேஜர் லீக் ஓய்வூதியம் பெற 5 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். பெய்ஜுக்கு 158 நாட்கள் குறைந்தன. நாற்பது ஆண்டுகள் பந்து எறிந்த மனிதருக்கு 158 நாள் குறைவு. 1968-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி முன்வந்து அவரைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டதால்தான் அந்தக் குறை தீர்ந்தது. புகழ் மண்டபத்தில் கேட்ட அதே கேள்விதான் இங்கேயும்: எத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தாய்?

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடிக் கதை உண்டு. பல்வாங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளையர் கிளப் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபடி, அவர்களுக்குப் பந்து வீசிக் கற்றுக்கொண்டவர். இந்துக்கள் அணிக்காக ஆடியபோது களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் வேளையில் அவருக்கு வெளியே தனி மண்குவளையில் கொடுத்தார்கள். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கடைசி வரை தரப்படவில்லை. பல போராட்டங்களுக்குப் பிறகு அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. கைத்திறமையை எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துவது ஒரு நாட்டின் வழக்கம் மட்டுமல்ல.

கணக்கு எழுதியவர்கள்

1971-ன் தனிப் பகுதி அறிவிப்புக்குத் திரும்புவோம். இரண்டாம் தரக் குடிமகனாக இருந்தவனை இப்போது இரண்டாம் தர அமரனாக்கிவிட்டார்கள் என்ற பொருளில் பெய்ஜ் சொன்னார். பத்திரிகையாளர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள். அதற்கு முன்பே, 1966-ல், வெள்ளையின நட்சத்திரமாகக் கொண்டாடப்பட்ட டெட் வில்லியம்ஸ், புகழ் மண்டபத்தில் தனக்குக் கிடைத்த மேடையிலேயே பெய்ஜ், கிப்சன் பெயர்களைச் சொல்லி, வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கும் இங்கே இடம் வேண்டும் என்று பேசியிருந்தார். எதிர்ப்பு வலுத்ததும் ஜூலையில் நிர்வாகம் பின்வாங்கியது. 1971 ஆகஸ்ட் 9 அன்று, எல்லோருக்கும் உரிய கூடத்திலேயே பெய்ஜின் பலகை ஏறியது. 1982 ஜூன் 8 அன்று கான்சஸ் சிட்டியில் அவர் காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1920 முதல் 1948 வரையிலான கறுப்பின லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று 2020 டிசம்பரில் ஏற்கப்பட்டது. 2024 மே மாதம் அந்த ஆட்டங்களின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவில் சேர்க்கப்பட்டன. 2,300-க்கும் மேற்பட்ட வீரர்களின் கணக்கு அதில் ஏறியது. நூறாண்டு காலமாக வெள்ளை வீரர்களின் பெயரிலிருந்த ஆயுட்கால மட்டைச் சராசரிச் சாதனை, ஜாஷ் கிப்சன் பெயருக்கு மாறியது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். பெரிய பத்திரிகைகள் கறுப்பின லீக் ஆட்டங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் இருந்தன. யார் எறிந்தார், யார் அடித்தார், எத்தனை ஓட்டம் என்று வாரந்தோறும் அச்சிட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் அந்தப் பழைய தாள்களைப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகக் கணக்கைக் கூட்டினார்கள். எழுதாமல் விட்ட ஆட்டங்கள் இன்றும் கணக்கில் இல்லை. வாழ்நாளில் 2,500 ஆட்டங்களுக்கு மேல் எறிந்ததாகப் பெய்ஜ் சொல்வார். அவற்றில் பெரும்பகுதி சிற்றூர்த் திடல்களில், எந்தத் தாளிலும் ஏறாமல் போனவை.

உங்கள் தெருவில் ஒரு கபடிக் குழு இருக்கலாம், ஒரு பறை இசைக் குழு இருக்கலாம், ஒன்றியப் போட்டியில் ஓடி வென்ற ஒரு பெண் இருக்கலாம். நாள், இடம், எதிரணி, முடிவு நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சான்றிதழையும் செய்தித் துணுக்கையும் பத்திரப்படுத்துங்கள். முன்வரலாறு எங்கே என்று ஒரு நாள் எவராவது கேட்பார்கள். அன்று எடுத்துக் காட்ட அந்த நோட்டு கையில் இருக்க வேண்டும்.